முட்டி சொன்ன சாட்சி

அக்டோபர் 9

டாக்டர் லிப்ஸ்கியை நான் வேண்டுமென்றே உதைத்தேன் என்று வார்டு முழுக்கச் சொல்கிறார்களாம். தவறு. ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே அவர் தட்டினார். விறைத்த கால் தானாக எகிறியது. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் யாரையும் உதைப்பதில்லை.

அது செப்டம்பர் 24 அறுவைக்கு முன். இப்போது வயிற்றுக்குள் விறைப்பைத் தணிக்கும் மருந்துப் பம்ப் ஒன்று. அதிலிருந்து முதுகெலும்புக்குள் மெல்லிய குழாய். இன்று தட்டியபோது கால் அசையவில்லை.

"மாத்திரைன்னா உடம்பெல்லாம் சுத்தித் தூக்கத்தைக் கொண்டுவரும். இது நேரா தண்டுவடத்துக்கே போய் அதட்டுது. கால் அடங்கிடுச்சு," என்றார். "என் பல்லும் தப்பிச்சுது."

நான் சிரிக்கவில்லை.

அக்டோபர் 26

நர்ஸ் போக்னா வயிற்றின் மேல் கருவியை வைத்து மருந்தின் அளவைக் கூட்டினாள். கை இங்கே, பேச்சு வாசலில் நின்றவளோடு. எண்ணைச் சரிபார்த்தாளா? இல்லை என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 29

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நவம்பர் 1, எல்லாரும் கல்லறைக்குப் போகும் அனைத்துப் புனிதர் திருநாளுக்குள் என் கணவர் லுட்விக்கின் கல்லறை பளிச்சென்று இருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாக மருமகள் இரெனாதான் கழுவினாள். இன்று என் இடுப்பு மடங்கியது, முழங்கால் மடங்கியது. நானே தேய்த்தேன்.

"எட்டு வாரம் குனியக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க, அத்தை."

"நீ கல்லறை எழுத்துக்குள்ள பாசியை விட்டுவைக்காம இருந்தா நான் ஏன் குனியப்போறேன்?"

அக்டோபர் 31

இரெனா மரக்கரண்டியால் முட்டியில் தட்டிப் பார்த்தாள். கால் எகிறி அவள் காப்பியைக் கவிழ்த்தது.

போக்னா. வேறு யார் அளவைத் தப்பாக வைத்திருப்பார்கள்?

நவம்பர் 2

உடம்பெல்லாம் அரிப்பு. தொடைகள் பலகையாகிவிட்டன. மருத்துவமனைக்குப் போனோம். போக்னா திரையைக் காட்டினாள். "கூட்டினது கூட்டினபடியே இருக்கு, அதெலாம்மா. பம்ப் ஓடுது."

பணியிலிருந்த இளம் மருத்துவர், "வயசாச்சுல்ல, பதற்றம்," என்று கோப்பில் எழுதினார்.

திரையை யாரும் மாற்றிவைக்கலாம். முட்டிக்கு நடிக்கத் தெரியாது — போக்னா மீது புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 3

காய்ச்சல். ஆம்புலன்ஸ்.

நவம்பர் 8

மறுபடி அறுவை. கால்கள் அடங்கிவிட்டன.

"படம் எடுத்துப் பாத்தோம்," என்றார் லிப்ஸ்கி. "முதுகுல குழாய் நழுவி வெளிய வந்திருந்தது. பம்ப் சரியாத்தான் ஓடியிருக்கு. மருந்து பூரா சதைக்குள்ள போயிருக்கு. தண்டுவடத்துக்கு மருந்து திடீர்னு நின்னதாலதான் அரிப்பும் காய்ச்சலும். குனிஞ்சீங்களா?"

"இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன்? இரெனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் புகாரால் போக்னாவைத் துணிக்கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம்.

நவம்பர் 9

மருத்துவமனை இயக்குநருக்கு இன்று அனுப்பியதன் நகல்:

நவம்பர் 2 அன்று நர்ஸ் போக்னா மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அவர் அளவைச் சரியாகவே வைத்திருந்தார். அக்டோபர் 29 அன்று, தடையை அறிந்தே, குனிந்து கல்லறையைக் கழுவினேன். டாக்டர் லிப்ஸ்கி கேட்டபோது பொய் சொன்னேன். இவ்விரண்டையும் என் கோப்பில் சேர்க்கவும். அதிலுள்ள 'பதற்றம்' என்ற சொல்லை நீக்கவும். முட்டி காட்டியது உண்மை. டாக்டரை நான் வேண்டுமென்றே உதைக்கவில்லை என்பதையும் குறிக்கவும். போக்னாவை வார்டுக்குத் திரும்ப அழைக்கவும். அழைத்த தேதியைக் குறிப்பிட்டு எனக்கு எழுத்தில் பதில் அனுப்பவும்.