வெள்ளையம்மாவின் வாய்

சித்திரை 15, திங்கள்

அம்மா துணை. எட்டு மணிக்கே வெயில். காற்று துளியும் இல்லை.

தர்ஷினிக்கு (இனி த. என்றே எழுதுகிறேன்) மாவுக்கட்டு போட்டுப் பத்து நாள். இன்னும் முப்பத்திரண்டு. டாக்டர் சொன்னது: ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது. எலும்பு விலகினால் ஆபரேஷன், பிளேட். மறக்காமலிருக்க நோட்டின் அட்டையிலும் எழுதியிருக்கிறேன்.

பரீட்சை முடிந்த மறுநாள். திடீரென்று தூறல். மாடியில் வடகம் காய்ந்தது. "ஓடு, ஓடு, நனையப் போகுது" என்றது நான்தான். ஓடினாள். படியில் சறுக்கினாள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

லீவு முழுக்கக் கட்டிலில், ஒன்பது வயதுப் பிள்ளை. டிவி ரீசார்ஜ் தீர்ந்து ஒரு வாரம். போன் இவள் அப்பாவோடு போகிறது. தக்காளி லோடு ஏற்ற எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, அது இல்லாமல் அவருக்கு ஆகாது.

இன்று எது எவ்வளவு நேரம் ஓடியது:
புளியங்கொட்டையில் ஒற்றையா இரட்டையா – அரை மணி.
பழைய கல்யாணப் பத்திரிகைகளில் சாமி படம் வெட்டி ஒட்டியது – முக்கால் மணி. பசைக்குச் சோற்றுப் பருக்கை. செலவில்லை.
ஜன்னலில் வண்டி எண்ணியது – பத்து நிமிடம். "எல்லாம் தக்காளி வண்டிதாம்மா."
அழுகை – கால் மணி. இரண்டு பேரும்.

கொட்டை எடுக்க வாங்கி வைத்த புளி இரண்டு மூட்டை, அப்படியே. கிலோவுக்குத்தான் கூலி. கை ஓடவில்லை. அவளைப் பாத்ரூமுக்குத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிற்று.

சித்திரை 16, செவ்வாய்

விரதம். பகலில் பானகம் மட்டும்.

அவளுடைய தமிழ்ப் புத்தகத்திலிருந்து கதை வாசித்துக் காட்டினேன். தினக் காலண்டர் கிழித்துக் கிழித்து வாசிக்கப் பழகியவள் நான். காலண்டரில் எல்லாம் ஒரு வரிதான். த. சிரிக்கிறாள். "கமா வந்தா நிக்கணும்மா. நீ ஸ்டாப்பிங்லயே நிக்காத பஸ் மாதிரி போற."

ஸ்கெட்ச் பேனா இரண்டு, கறுப்பும் சிவப்பும் – ரூ. 10. கட்டின் உள்ளங்கால் பக்கம் முகம் வரைந்தோம். கண் அவள், மூக்கு நான், சிவப்பு வாய் அவள். பெயர் வெள்ளையம்மா. கால் தலையணை மேல் இருக்க, வெள்ளையம்மா என்னைப் பார்த்துப் பேசுகிறாள்: "ஏம்மா சுமதி, ஒரு காப்பித் தண்ணி கெடைக்குமா?" பக்கத்து வீட்டு ரத்தினம்மா குரல், அப்படியே. ஒன்றரை மணி நேரம் ஓடியது. பத்து ரூபாய் தகும்.

சாயந்திரம் நிஜ ரத்தினம்மாவே வந்தார்.

"ஏம்மா சுமதி, கடைசிச் செவ்வாய்க்குப் புள்ள பால்குடம் எடுக்கறதா வேண்டிக்கினியாமே? இந்தக் கால வச்சிக்கினு எப்படி? சொல்லு தவறுனா அம்மன் சும்மா வுடுவாளா?"

த. கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். பேச்சை மாற்றினேன்.

வேண்டியது உண்மை. விழுந்த அன்று ஆட்டோவில், இவளை மடியில் போட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சொன்னேன்: "மாரியம்மா, சித்திரை கடைசிச் செவ்வாய் திருவிழாவுக்கு இவ தன் கால்ல நடந்து வந்து உனக்குப் பால்குடம் எடுப்பா." டாக்டர் ஆறு வாரம் என்றது அதற்குப் பிறகு. கடைசிச் செவ்வாய் 30ஆம் தேதி. ஆறு வாரம் வைகாசியில்தான் முடிகிறது. அம்மனிடம் நாள் குறித்தது என் தப்பு.

சித்திரை 18, வியாழன்

குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. ஆறு குடத்துக்கு ஒரு மணி நேரம். இவள் கத்திக்கொண்டிருப்பாள் என்று ஓடி வந்தேன். கட்டிலில் சமர்த்தாகப் படுத்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"போரடிக்கலையாடி?"

"இல்லம்மா. நாளைக்கும் லேட்டாவே வா."

அப்பாடா. பிள்ளை பழகிக்கொண்டாள். மத்தியானம் தூங்கவும் தூங்கினாள். புளி ஐந்து கிலோ முடித்தேன். விளக்கேற்றும்போது அம்மனுக்கு நன்றி சொன்னேன்.

சித்திரை 19, வெள்ளி

கரண்ட் இல்லை. விசிறி மட்டைதான். கை மாற்றிக் கை.

புளியங்கொட்டை எண்ணித் தரச் சொன்னாள், தினமும் ஒன்றாகக் குறைக்க. கட்டுப் பிரிக்க இன்னும் இருபத்தெட்டு நாள். இருபத்தெட்டு கொடுத்தேன். பதினொன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தாள்.

"ஏன்டி?"

"சும்மாம்மா."

கேட்கத் தெம்பில்லை. நாலு கிலோ முடித்தேன்.

சித்திரை 20, சனி

தண்ணீர் பிடித்து வந்து, உடம்பு துடைத்துவிட்டேன். வெள்ளையம்மாவுக்கு வாய் இல்லை. ஒரு கண்ணும் பாதிதான்.

"வாய் எங்கடி?"

"அழிஞ்சிருச்சு."

"எப்படி அழியும்? கால் தலகாணி மேலதான இருக்குது?"

காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிகால் பக்கம் புளி ஒட்டியிருந்தது. கட்டின் விளிம்பெல்லாம் சிவப்புத் தரையின் நிறம்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் தண்ணீருக்குப் போகிற நேரம் பார்த்துக் கட்டிலைப் பிடித்து நின்றிருக்கிறாள். வியாழன் இரண்டு எட்டு வைத்தாளாம். வெள்ளி ஐந்து. இன்று ஜன்னல் வரை.

"நீதான சாமிகிட்ட சொன்ன, நான் நடந்து வருவேன்னு? வரலைன்னா சாமி உன்னத்தான கோவிச்சிக்கும்?"

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. பதினொரு கொட்டை எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. 19க்கும் 30க்கும் நடுவில் பதினொரு நாள்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது. பல்லக் கடிச்சிக்கினேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே சாமிகிட்ட எங்காலப் பத்திப் பேசறதுன்னா என்ன ஒரு வார்த்த கேட்டுட்டுப் பேசும்மா" என்றாள்.

அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். "திங்கக்கெழம ஆஸ்பத்திரி போலாம்" என்றார். அவ்வளவுதான்.

சித்திரை 21, ஞாயிறு

ரத்தினம்மாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பூசாரியிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அம்மன் என்ன தாலுக்கா ஆபீஸாம்மா, தேதி தவறுனா ஃபைன் போட? மஞ்சத் துணியில பதினோரு ரூவா முடிஞ்சு சாமி ரூம்ல வை. புள்ள எப்ப நடக்குதோ அப்பக் கொண்டாந்து குடு. போ, போயி கஞ்சி குடி. மூஞ்சப் பாரு."

முடிந்து வைத்தேன். த.வைக் கேட்டுவிட்டுத்தான். துணியைப் பிடித்துக்கொண்டது அவள், முடிச்சு போட்டது நான். இருந்தும் நாளைய பயம் போகவில்லை.

சித்திரை 22, திங்கள்

தருமபுரி ஆஸ்பத்திரி. பஸ்ஸில் அவர் மடியில் பிள்ளை, என் மடியில் அவள் கால். எக்ஸ்ரேவுக்கு ஒன்றரை மணி நேரம் வரிசை. வாய்க்குள் அம்மன் பெயர்தான், வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "லேசா சாஞ்சிருக்கு. யாரு நடக்கச் சொன்னது?"

த. என் முந்தானையைப் பிடித்தாள்.

"நான்தாங்க" என்றேன்.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், "ஆபரேஷன் வேணாம். நேராக்கிக் கட்ட மாத்திப் போடறேன். இன்னியிலேர்ந்து மறுபடி ஆறு வாரம்."

பழைய கட்டை அறுக்கும்போது த. கத்தினது வாசல் வரை கேட்டதாம், வெளியே நின்ற இவள் அப்பா சொன்னார். நான் உள்ளேயே இருந்தேன்.

நாற்பத்திரண்டு கொட்டை எண்ணி டப்பாவில் போட்டாயிற்று. ஸ்கூல் திறந்தாலும் இவளுக்கு லீவுதான். புதிய விளையாட்டு ஒன்றும் தோன்றவில்லை. மூளையும் இடுப்பு மாதிரியே.

பஸ், எக்ஸ்ரே, இளநீர் ஒன்று, செலவெல்லாம் நாளைக்கு எழுத வேண்டும்.

புதுக் கட்டு காய்ந்ததும் பேனா கேட்டாள். கறுப்பு எழுதுகிறது. சிவப்பு மூடாமல் கிடந்து உலர்ந்துவிட்டது. சாமி ரூமிலிருந்து குங்குமம் எடுத்து எண்ணெயில் குழைத்துக் கொடுத்தேன். வாயை இந்த முறை காது வரைக்கும் போட்டிருக்கிறாள்.