கம்பி இல்லாத லிஃப்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் மூவரும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவது முறை, பழக்கத்தில் கை அதை எழுதவும் போயிற்று, பிறகு நிறுத்திக்கொண்டேன். நான் நலம். அப்பா உட்கார்ந்திருக்கிறார், பேசுகிறார், என்னைக் கிண்டல் செய்கிறார், அவ்வளவுதான் எழுத முடியும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். எந்த அறைக்குள் போய்ப் பேசினாலும் அந்த ஆக்ஸிஜன் மெஷின் இரைச்சலையும் மீறி அவர் காதில் விழுந்துவிடுகிறது, அப்புறம் பாதியில் என் குரலும் என் பேச்சைக் கேட்பதில்லை. இப்போது அவர் மதியத் தூக்கத்தில் இருக்கிறார், சமையலறை மேடையில் காகிதத்தை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன், கோணலாக வந்தால் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவதற்கு முன்னால் படித்துவிட வேண்டும், அதுவும் தனியாக இருக்கும்போது.

டாக்டரிடம் நீ நேரடியாகப் பேசியதை டாக்டரே சொன்னார். நிலைமை மோசமானால் ஐ.சி.யூ.வில் சேர்த்து வென்டிலேட்டர் வைத்தே ஆக வேண்டும், செய்யக்கூடியதில் ஒன்றைக்கூட விடக் கூடாது என்று சொன்னாயாம். மகள் அப்படித்தான் சொல்வாள், நானாக இருந்தாலும் என் அப்பாவுக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்து வேறு மாதிரி சொன்னார். "மாட்டறது என் கையில இருக்கும்மா, கழட்டறது என் கையில இல்ல" என்றார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் சொன்னார். புரிந்தது. வகுப்பில் நுரையீரலைப் பற்றிச் சொல்லும்போது நான் எப்போதும் ஒரு ஸ்பாஞ்சை எடுத்துப் போவேன், பிழிந்துவிட்டால் மறுபடி உப்பும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பாத்திரம் கழுவி வெயிலில் கிடந்து காய்ந்து கல்லாகிப்போன ஸ்பாஞ்சைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, உன் அப்பாவுக்கு உள்ளே இருப்பது இப்போது அதுதான். அதற்குள் எந்த மெஷின் எவ்வளவு காற்றை அழுத்தினாலும் அது பழையபடி ஸ்பாஞ்சு ஆகாது. போன மாதம் குளியலறை வரை நடந்தார், இப்போது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வந்தாலே ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டிய கிளிப் கத்துகிறது. உன் விசா விஷயம் முடியாமல் நீ அங்கிருந்து கிளம்பினால் திரும்பிப் போக முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வா என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. எழுதவந்தது வேறு.

முந்தாநாள் ஒருவன் வானத்தின் விளிம்பிலிருந்து பாராசூட்டோடு குதித்ததை நீயும் பார்த்திருப்பாய், உலகமே பார்த்தது. இதுவரை யாரும் குதிக்காத உயரம் என்று காலையிலிருந்தே டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதிரொலி சித்தப்பாவும் வந்து எங்களோடு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெயரைக் கேட்டால் குட்டிப்பயல் சிரிக்கிறான் என்றாயே, காரணம் சொல்லியிருக்கிறாயா? அப்பா லிஃப்ட் ரிப்பேருக்குப் போனால் கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை பார்ப்பார், இவர் சுவிட்சுப் பக்கம் நிற்பார், அப்பா அந்த இருட்டுக் குழிக்குள்ளிருந்து "மெயின்?" என்று கத்துவார், இவர் "ஆஃப் பண்ணியாச்சு" என்று கத்த வேண்டும், பதில் வந்த பிறகுதான் அப்பா அடுத்த காலை எடுத்து வைப்பார். ஆயுசு முழுக்கக் கத்திக் கத்தி எதிரொலி என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம் வீட்டில் அந்தப் பழக்கம் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று "டிபன் பாக்ஸ்?" என்பார், நீ ஷூ மாட்டிக்கொண்டே "வெச்சாச்சு" என்பாய், "பென்சில்?" "வெச்சாச்சு", "மூளை?" என்பார், "வீட்ல வெச்சாச்சு" என்று கத்திவிட்டு ஓடுவாய்.

பெரிய பலூன், அதன் அடியில் சின்னக் கூண்டு, கூண்டுக்குள் அந்த ஆள். பலூன் கிளம்பும்போது சுருங்கித் தொங்கியது, மேலே போகப் போக உருண்டு பெருத்தது. எதிரொலி சித்தப்பா அதெப்படி என்று கேட்டார். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது பையிலிருக்கும் பிஸ்கட் பாக்கெட் உப்பிக்கொள்ளுமே, வெளியே காற்று மெலிந்தால் உள்ளே இருப்பது விரிகிறது, அவ்வளவுதான் என்றேன். "அப்ப அந்த ஆளும் உப்புவானா?" என்றார். அதற்குத்தான் அந்த உடுப்பு என்றேன். அப்பாவுக்கோ கூண்டின் மேல்தான் கண். "பாருடா, கம்பி இல்லாம இத்தனை ஒசரத்துக்குத் தூக்கறான். கம்பி இல்லாத லிஃப்ட்டு. நம்ம ரெண்டு பேருக்கும் சோறே கெடைச்சிருக்காது" என்றார். "அண்ணே, அதுல ரிப்பேருன்னு போன் வந்தா யாரு போவா?" என்று அவர் கேட்க, "நீ போ, நான் கீழ நின்னு கேக்கறேன்" என்று இவர் சொல்ல, "ஆமா, வயசான காலத்துலதான் எனக்கு மேல போற புரமோஷனா" என்று அவர் சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று உறைத்து, டீ டம்ளரைக் கழுவுகிறேன் என்று எழுந்து போய்விட்டார். அப்பா சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், வந்தது.

உச்சிக்குப் போனதும் உடனே குதித்துவிடுவான் என்று நினைத்தேன். இல்லை. கீழேயிருந்து ஒரு பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெல்ட்டா, முகமூடியா, கதவா என்று கேட்கக் கேட்க அவன் செய்துவிட்டுப் பதில் சொன்னான், அவன் பதில் சொல்லாமல் அவள் அடுத்ததற்குப் போகவில்லை. கீழே ஓடும் மொழிபெயர்ப்பை நான் அப்பாவுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார், அவருக்கு மொழி தேவைப்படவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார் பாப்பா, இத்தனை வாரமாக அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. கடைசிக்கு முந்தியது, கூண்டிலிருந்து அவனுக்கு ஆக்ஸிஜன் வந்துகொண்டிருந்த குழாய். அதைக் கழற்றச் சொன்னாள். கழற்றினான். கழற்றியாயிற்று என்றான். அதன் பிறகு கூண்டின் படியில் வந்து நின்றான், பூமி கீழே நீலமாக வளைந்து கிடந்தது, சல்யூட் வைத்துவிட்டுக் குதித்தான். எதிரொலி சித்தப்பா ஐயோ என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் கை மூக்கில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் குழாயின் மேல் இருந்தது.

அவன் பத்திரமாக வந்து முழங்காலில் இறங்கியதையும் அங்கே எல்லோரும் கட்டிப்பிடித்து அழுததையும் நீ பார்த்திருப்பாய். முதலில் விழுவதே தெரியவில்லை, காற்று அடர்த்தியான இடத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்று பேட்டியில் சொன்னான். அதெப்படித் தெரியாமல் போகும் என்று அப்பா கேட்டார். ரயிலில் போகும்போது வெளியே மரமோ கம்பமோ எதுவுமே இல்லையென்றால் வேகம் தெரியாதில்லையா, அது மாதிரி, உரசிப் போவதற்கு அங்கே காற்று இல்லை என்றேன். "நல்ல எக்ஸாம்பிள் டீச்சர். எனக்கு இப்பக் கம்பமெல்லாம் தெரியுது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார், கிண்டலுக்குத்தான். அன்றைக்குக் கூப்பிட்டதில் கிண்டல் இல்லை.

சித்தப்பா போன பிறகு நான் கதவுகளைச் சாத்திக்கொண்டு வந்தேன். இப்போதும் கட்டிலில் இருந்தபடியே அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன், இந்த ஒரு வேலையை மட்டும் அவரிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை. "கேஸ்?" என்றார், மூடியாச்சு என்றேன். "பின்கதவு?" பூட்டியாச்சு என்றேன். "குழாய்?" என்றார். நான் சமையலறைக் குழாயைப் பார்த்தேன், சொட்டவில்லை, மூடியாச்சு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் குழாய் இல்ல டீச்சர். அதுக்குப் பதில் வேற" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார். "இப்ப இல்ல, பயப்படாத. ஆனா அந்தப் பெரிய மெஷினு எனக்கு வேண்டாம். என்னைத் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சு வாய்க்குள்ள குழாயை விட்டு, நான் கேக்கவும் முடியாம, நீ சொல்லவும் முடியாம, அது எனக்கு வேண்டாம். இங்கயே இருக்கேன். ரொம்ப முடியலன்னா கேப்பேன். அப்ப இதையும் எடுத்துடு. அதுக்கு இப்பவே ஒரு வார்த்தை சொல்லிடு, எனக்குக் கால் வைக்கற தைரியம் வரும்" என்றார். டாக்டர் கழற்ற முடியாது என்று சொன்ன கதையை நான் அவரிடம் சொல்லவே இல்லை பாப்பா. அவராகத்தான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். ஏழாம் வகுப்பில் எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் பதில் இல்லாமல் நான் நின்றதில்லை. இதற்கு நின்றேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி, நீ வாயைத் தொறக்க மாட்டேங்கற. ஞாயித்துக்கிழமை பாப்பாகிட்டக் கேட்டுக்கறேன். என் பாப்பா என்னிக்கு எனக்குப் பதில் சொல்லாம இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதற்காகத்தான் எழுதுகிறேன். நீ கூப்பிட்டதும் போனை வாங்கிக்கொண்டு வழக்கம்போல மாப்பிள்ளை வேலை, பேரன் பள்ளிக்கூடம் என்று சுற்றிச் சுற்றித்தான் வருவார். பிறகு கேட்பார். இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம், அங்கே புதுசாக ஒரு மருந்து வந்திருக்கிறது என்றெல்லாம் நீ ஆரம்பித்தால் மறுக்காமல் கேட்டுக்கொள்வார், உன் மனசுக்காக ஆஸ்பத்திரிக்கும் போவார், அவருக்கு வேண்டாத அந்தக் கட்டிலில் படுப்பார், எப்போதும் உனக்காகத்தானே எல்லாம். அவன் குதித்தது மாதிரி இதில் பாராசூட் விரியப்போவதில்லை. எந்த உதாரணத்தைப் பிடித்து இழுத்தாலும் கடைசியில் இந்த இடத்தில் அறுந்துவிடுகிறது, நானும் முந்தாநாளிலிருந்து தேடிப் பார்த்துவிட்டேன். ஆறுதலாக ஒரு வரி எழுத நினைத்தேன், பொய்யாக இருக்கும். உன்னிடம் பதில் வாங்கிக்கொண்டு அதன் பிறகும் அவர் என் முகத்தைப் பார்ப்பார் என்று தெரியும். அப்போது நானும் சொல்லிவிடுவேன். முதலில் சொல்வது நானாக இருக்க என்னால் முடியவில்லை, நீ முந்திக்கொள் என்று உன்னைத் தள்ளுவது எந்த அம்மாவும் செய்யாத வேலை, அதையும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

குட்டிப்பயலுக்குச் சளி என்றாயே, மார்பைத் துணியால் மூடித் தூங்க வை, ஜன்னலை முழுக்க அடைக்காதே. மாப்பிள்ளையோடு இந்த விஷயத்துக்காகச் சண்டை வைத்துக்கொள்ளாதே, இப்போது கிளம்பாதே என்று அவர் சொன்னது சரியோ தப்போ, உன் மேல் உள்ள அக்கறையில் சொன்னது. நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மூச்சுக்கு ஒரு குறையும் இல்லாமல், நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் உங்கள் தலையில் கைவைத்து வாழ்த்துகிறோம்.

மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூப்பிடு, மதியத்துக்கு மேல் பல நாள் அவருக்குப் பேச மூச்சு இருப்பதில்லை. இத்தனை வருஷம் வாத்தியாராக இருந்து பரீட்சைக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கும் நான் விடையைச் சொல்லிக்கொடுத்ததில்லை, உனக்கும்தான். இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். குழாய் என்று அவர் கேட்டதும் அழாமல், ஷூ மாட்டிக்கொண்டு கத்துவாயே அந்தக் குரலில், கழட்டியாச்சுப்பா என்று சொல்லிவிடு.

உன் அன்பு
அம்மா