இருபதுக்கு இரண்டு குறைவு

என் அன்புப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது.

முதலில் நல்ல செய்திகள். உன் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டான். உன் தங்கை நர்ஸ் தேர்வில் மூன்றாவதாக வந்தாள். முதல் இரண்டு பேரும் இரண்டாம் தடவை எழுதியவர்களாம், அதனால் இவள்தான் முதல் என்று சொல்லிவருகிறேன். அண்ணன் மகள் குட்டிவால் நூறு வரை எண்ணுகிறாள், எழுபதுகளை மட்டும் தாண்டிக் குதித்துவிடுகிறாள். நீயோ வெளிநாட்டில் பெரிய படிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வீட்டில் இத்தனை பேர்! தெருவில் யாராவது மறந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன்.

அறுபது வருடத்துக்கு முன் நீ படிக்கும் அந்த நாட்டிலும் நம்மைப் போல வெறுங்கால் பிள்ளைகள்தான், அது மட்டும் எப்படி மேலே வந்தது, நீ என்ன நினைக்கிறாய் பாட்டி என்று கேட்டிருந்தாய். நிலம், வரி, சட்டம் என்று உன் வாத்தியார்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். எல்லாம் இருக்கும். என் கண்ணில் பட்டது உன் கடிதத்தின் வேறொரு வரி. உன் தெருவில் பஸ் டிரைவர் பிள்ளையும் பெரிய டாக்டர் பிள்ளையும் ஒரே அரசுப் பள்ளி. பள்ளியில் குழாய் உடைந்ததும் டாக்டர் போன் போட்டார், மறுநாளே சரியாயிற்று. அந்தத் தண்ணீர் டிரைவர் பிள்ளைக்கும்தானே? அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

மூன்றாவது வரை நீ நம் தெருப் பள்ளியில்தான் படித்தாய். தபால் ஆபீஸ்காரரான உன் தாத்தா மனு எழுதுவதில் மன்னர். கூரை, குழாய், மூன்றாவது டீச்சர் எல்லாம் அவர் எழுதி எழுதி வந்தவை. எனக்கோ பணம் கட்டும் பள்ளியின் பஸ் நம் வாசலில் ஹாரன் அடிக்க வேண்டும் என்று ஆசை. தாத்தா வேண்டாம் என்றார். என் பிடிவாதம் ஜெயித்தது. அடுத்த வருடம் கண்டக்டர் வீட்டுப் பிள்ளையும் அந்த பஸ்ஸில் ஏறிற்று, பிறகு கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தாத்தாவும் மனு எழுதுவதை விட்டுவிட்டார்.

இப்போது ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். குழாய் உடைந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் பதினேழு பேர். மாதக் கடைசிக்குள் இருபது சேராவிட்டால் மூடிவிடுவார்களாம். மூடினால் இஸ்திரி போடுகிறவளின் இரண்டு பெண்களும் லாரி ரோட்டைத் தாண்டித்தான் வேறு பள்ளிக்குப் போகவேண்டும். அவள் சொன்னாள்: "நீங்க பேத்தியக் கூட்டிட்டுப் போனீங்க, எல்லாரும் பின்னாடியே போனாங்க. எங்களால முடியல, நின்னுட்டோம்." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். காலரைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

உன்னைக் கூட்டிப்போனது தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். கூடவே தாத்தாவின் பேனாவையும் கூட்டிப்போய்விட்டேனே, அதுதான் தப்பு.

குட்டிவாலை நம் தெருப் பள்ளியில் சேர்க்கலாம் என்றேன். உன் அண்ணி, "எம் பிள்ளைய வச்சா பரீட்சை பண்ணுவீங்க?" என்றாள். நியாயம்தான். அதனால் முதலில் குழாய்க்கு நானே மனு எழுதினேன். நாலு எழுத்துப் பிழையை டீச்சர் திருத்தினார். மூன்றாம் தடவை போனபோது கல்வி ஆபீசர், "பாட்டி, மறுபடியும் வந்துட்டீங்களா?" என்றார். "குழாய் வர்ற வரைக்கும் வருவேன் தம்பி, எனக்கு வேற வேலை இல்ல" என்றேன். போன வாரம் குழாய் வந்துவிட்டது. இரண்டாவது டீச்சர் இன்னும் வரவில்லை, அதற்கும் மனு போட்டிருக்கிறேன். குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அண்ணி ஒரு வருடத்துக்குச் சம்மதித்தாள். ஆக, பதினெட்டு.

மெக்கானிக் வீட்டு இரட்டைப் பிள்ளைகள் வந்தால் கணக்குச் சரியாகும். அவரோ, "உங்க பேத்தி இங்க படிச்சுதுன்னு வாயால சொல்றீங்க. உங்க வீட்டுச் சுவத்துப் படத்துல டை கட்டிட்டு நிக்குதே, அதான் எனக்குத் தெரியும்" என்கிறார். கட்டிவிட்டவள் நான், அவரை எப்படிக் குறை சொல்வேன்?

நீ நன்றாக இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள். அங்கே நீ படிக்கும் பெரிய பள்ளி வாசலில் நின்று, டை இல்லாமல், புதிதாக ஒரு படம் எடு. மூன்றாவது வரை எங்கே படித்தாய் என்று படத்தின் கீழே உன் கையால் எழுது. போனில் வருவதை ஆணியில் மாட்ட முடியாது. இந்தக் கடிதத்தை உன் அண்ணன் இன்றே போனில் அனுப்பிவிடுவான்; உன் படம் தபாலில் வர பத்து நாள், மாதம் முடிய பதினாறு. பள்ளிச் சுவரில் டீச்சர் ஆணியை அடித்துவிட்டார். படத்தை உடனே அனுப்பு கண்ணு.

இப்படிக்கு,
உன் கையைப் பிடித்து அந்தப் பள்ளியிலிருந்து கூட்டிவந்த பாட்டி