பெயர் ஒட்டாத போத்தல்கள்

ஜூலை 7, திங்கள்
கச்சான் காற்று. வாவிப் பக்கக் கதவைச் சாத்தியும் கடைக்குள் ஒரே மண்.
நேற்றைய கலியாணத்து மாப்பிள்ளையின் தம்பி வந்தான். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "காக்கா, அத்தர் பூசின உடன எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்தாங்க. மையத்து வாடை."
மல்லிகை என்று நினைத்துக் கொடுத்தது. போனது மையத்தைப் போர்த்துகிற கபன் துணிக்குப் போடும் கற்பூர அத்தர்.
எங்கள் அத்தர்க் கடையில் போத்தலுக்குப் பெயர் ஒட்டுவதில்லை. வாப்பா காலத்திலிருந்தே மூக்குத்தான். அந்தத் திமிர் எனக்கும் உண்டு.
அந்தப் போத்தலைத் திறந்து முகர்ந்தேன். தண்ணீர் மாதிரி. ஊது அத்தரும் அப்படியே. சந்தனமும்.

ஜூலை 10, வியாழன்
டொக்டரிடம் மணம் தெரியவில்லை, தடிமன் என்று சொல்லத்தான் போனேன். பெண்சாதி பரீதா முந்திக்கொண்டாள். "நித்திரைல அடிக்கிறார் டொக்டர். ரெண்டு வருஷமா. விடிஞ்சு பார்த்தா என்ட தோள் கண்டிப் போயிருக்கும்."
எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று வெளியே வந்து கேட்டேன். "சொன்னா மட்டும் கனவு நிக்குமா மச்சான்?"
நடக்கச் சொன்னார் டொக்டர். வலது கை வீசுகிறது, இடது கை சும்மா தொங்குகிறது. மூக்கு, நித்திரை, கை மூன்றும் சேர்ந்ததால் பாக்கின்சன் சந்தேகமாம். நடுக்கம் வருமுன்னரே மூளையில் தெரியுமாம். கொழும்பில் ஸ்கேன்.
துளி சிந்தாமல் சீசா நிரப்புகிற கை இது.

ஜூலை 23, புதன். கொழும்பு
ஊசியில் மருந்து. பிறகு மணிக்கணக்கில் காத்திருப்பு. தேத்தண்ணி, சீனி கூட. மூளைக்குள் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அந்த மருந்து தேடிப் போகுமாம். பிறகு கெமரா, தலையைச் சுற்றி மெதுவாக. அசையக் கூடாது. உதடு அசையாமல் கலிமா சொன்னேன்.

ஜூலை 25, வெள்ளி
படம். இருட்டில் இரண்டு வெளிச்சம். நல்ல மூளையில் இரண்டும் கமா மாதிரி இருக்குமாம். எனக்கு ஒன்றில் வால் தேய்ந்திருக்கிறது. மற்றது வெறும் புள்ளி.
"அதுதான் உங்கட இடது கையை ஆட்டுற பக்கம். மூக்கு முதலே போயிட்டு. நடுக்கம் வர இன்னும் காலம் கிடக்கு," என்றார் டொக்டர்.
இன்னும் வராததைப் படமெடுத்துக் கையில் தந்துவிட்டார்கள். பயமாக இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு
காற்று அடங்கிவிட்டது. கடை பூட்டு. பசை, கத்தரிக்கோல், பேனை. பரீதா பெயர் ஒட்டினாள். வாப்பா மன்னிக்கட்டும்.
ஒவ்வொன்றாக மூக்கருகில் பிடித்தாள். ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்த்து ஊகித்துச் சொன்னேன், களவைப் பிடித்துவிட்டாள். "கண்ண மூடுங்க."
மூடினேன். வந்தது. நெஞ்சுவரை போனது. "கற்பூரம்," என்றேன். மூக்கு திரும்பிவிட்டது என்று அழுகையே வந்துவிட்டது.
கண் திறந்தேன். அவள் கையில் ஒன்றும் இல்லை.
"நான் இன்னும் எடுக்கவே இல்ல மச்சான். கற்பூரத்த மாப்பிள்ளைட தம்பி வந்த அண்டைக்கே பள்ளிவாசலுக்கு அனுப்பிட்டன்."
ஆனால் மணக்கிறது. வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதும். கையை முகர்ந்தேன். வலது கையில் இல்லை. இடதில்.