முதல் அத்தியாயத்துச் சண்டை

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘இங்கே நாங்கள் சுகம்’ என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கதோஷம். சுகமில்லை என்பது உங்களுக்கே தெரியும், இவருக்குப் பக்கவாதம் வந்ததை மகள் போனில் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வலது பக்கமா, இடது பக்கமா?” என்று மட்டும் விசாரித்தீர்களாம். வலது பக்கம்தான். கை, கால், கூடவே பேச்சு.

போனை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் உங்களிடம் யார் முழு வாக்கியம் பேசி முடித்திருக்கிறார்கள்? கடிதத்தில் உங்களால் குறுக்கே புக முடியாது. பொறுமையாகப் படியுங்கள்.

இவரைப் பயிற்சி வார்டில் வைத்திருக்கிறார்கள். நீளமான அறை, ஆறு கட்டில்கள். இவருடைய கட்டிலுக்கு மேல் இருக்கும் கம்பியில் திரைச்சீலை பாதியில் சிக்கிக்கொள்ளும், இழுத்து இழுத்து எனக்குத் தோள்பட்டை போயிற்று. காலையில் கை கால் பயிற்சி, பிறகு பேச்சுப் பயிற்சி. பேச்சுப் பயிற்சி தரும் பெண் நல்லவள். தட்டில் பென்சில், சாவி, கரண்டி, சீப்பு நான்கையும் வைத்து, “சார், பென்சில் எது, தொட்டுக் காட்டுங்க” என்றாள். இவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். சாவிக்கும் அதே கதை. அவள் பூஜ்யம் போட்டுவிட்டாள். “புரியாம செய்யலையா, பிடிக்காம செய்யலையான்னு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டேன். “எங்க தாள்ல அதுக்குக் கட்டம் இல்லம்மா” என்றாள் பாவம்.

இன்னொன்று, கையடக்கத் திரையில் பேசும் ஒரு கருவியும் கொண்டுவருகிறாள். அது தேனாகப் பேசுகிறது. இவருக்கு இருமல் வந்தது. “மிகவும் அருமை! இன்னொரு முறை முயற்சி செய்வோமா?” என்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். ஜன்னல் திறக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் டாக்டர்கள் உட்கார்ந்து பேசப் போகிறார்கள். “புரிதல் இருந்தால்தான் பயிற்சிக்குப் பலன், இல்லாவிட்டால் இந்தக் கட்டிலுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்” என்று பெரிய டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். இல்லை என்று முடிவானால் பின்கட்டடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. ஊட்டுகிறார்கள், துடைக்கிறார்கள், திருப்பிப் படுக்க வைக்கிறார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

ஆக, இந்த மனுஷனுக்கு அறிவு இருக்கிறதா இல்லையா என்று ஒருவர் சொல்ல வேண்டும். அறிவு என்றால் என்ன என்று ஆராய்ச்சி செய்தே தலை நரைத்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் வாய் திறக்க முடியாமல் படுத்திருக்கிறார். இன்னொருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். என் தலையெழுத்தைப் பாருங்கள்.

நான் மருந்துக்கடைக்காரி. டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தே காலம் தள்ளியவள். உங்கள் சாஸ்திரம் எனக்குச் சாப்பாட்டு மேஜையில் வந்ததுதான். கல்யாணமான புதிதில், இயந்திரத்துக்கு அறிவு கொடுக்கும் வேலைக்குப் பெயர் வைத்தவர்கள் ஒரு கோடைக்காலம் கூடி உட்கார்ந்தால் பெரிய முன்னேற்றம் கண்டுவிடலாம் என்று நம்பினார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். சதுரங்கத்தில் என்றைக்கு இயந்திரம் உலகச் சாம்பியனை ஜெயிக்கிறதோ அன்றைக்கு அதற்கு அறிவு உண்டு என்று ஒப்புக்கொள்வோம் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். ஜெயித்தது. மறுநாள் காலை காபி ஆறுவதற்குள், “அது வெறும் கணக்குதான்” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டீர்கள். பூனையையும் நாயையும் படத்தில் பிரித்துச் சொல்லட்டும் என்றீர்கள். சொன்னது. “அது புள்ளிவிவரம்.” ஒவ்வொரு தடவையும் நான் தட்டை எடுத்து வைப்பதற்குள் எல்லைக் கோடு நகர்ந்திருக்கும். அதுவரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்துதான் நகர்த்தினீர்கள், சண்டை இல்லை.

இயந்திரம் பேச ஆரம்பித்ததும்தான் வினை. “இதுக்கு மேல என்னடா வேணும்? பேசறதுதான் அறிவு, எழுது” என்று நீங்கள். “ரேடியோவும்தான் பேசுது” என்று இவர். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு போனவர்தான் நீங்கள், அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் மாணவர்களுக்குச் சேர்ந்து எழுதிய புத்தகம், அறிவு என்றால் என்ன என்று சொல்லும் முதல் அத்தியாயம் இல்லாமல் நிற்கிறது. பதிப்பகத்து அம்மாள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அறிவுக்கு இரண்டு வரியில் ஒரு விளக்கம் போதுமாம். வேறு வழியில்லாமல் மகளின் போனில் அந்த இயந்திரத்திடமே கேட்டேன். அடுக்கடுக்காகச் சொன்னது. “தப்பு” என்றேன், மன்னிப்புக் கேட்டது. “சரி” என்றேன், நன்றி சொன்னது. உங்கள் இரண்டு பேரிடமிருந்தும் இத்தனை வருஷத்தில் இவை இரண்டும் எனக்குக் கிடைத்ததில்லை.

டாக்டர்கள் கூடுவதற்கு முன்னால் வாருங்கள். உங்கள் பக்கம் சரியா, இவர் பக்கம் சரியா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வந்து கட்டில் பக்கத்தில் உட்காருங்கள், அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை


அண்ணாவுக்கு,

இந்தத் தடவை ‘அன்புள்ள’ போடவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

வாருங்கள் என்று எழுதினேன். நீங்கள் போன் செய்தீர்கள். சரி, அதுவாவது செய்தாரே என்று மகள் ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை மேல் வைத்தாள். ‘எப்படி இருக்கே’ என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? “டேய் மொட்டை” என்று ஆரம்பித்தீர்கள். ஆறு கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து, வகுப்பு எடுக்கிற மாதிரி பழைய சரித்திரம்.

“அந்தக் கோடைக்காலத்துல கூடினவங்க, இதுக்கு நூறு வருஷமாவது ஆகும்னு அப்பவே சொல்லிட்டாங்கடா” என்றீர்கள். எனக்கே அது தப்பு என்று தெரியும். உங்களுக்கும் மூளை கலங்கிவிட்டது என்று பயந்துபோனேன். அதற்குள் கட்டில் கம்பியில் ஓர் அடி. இவருடைய இடது கை. ஆராய்ச்சிக்குப் பணம் நின்றுபோய் உங்கள் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிய கதையைச் சொன்னீர்கள், கை சும்மா இருந்தது. “சதுரங்கச் சாம்பியன் தோத்தது எண்பதுகள்லதானே?” என்றீர்கள். இன்னோர் அடி. மேஜையில் இருந்த தம்ளர் உருண்டு தண்ணீரெல்லாம் தரையில்.

பயிற்சிப் பெண் ஓடி வந்தாள். நோயாளி கொந்தளிக்கிறார், அமைதிப்படுத்த ஊசி போடச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். “அவர் கொந்தளிக்கலம்மா, திருத்தறார்” என்றேன். அவளுக்கு நான்தான் கொந்தளிப்பதாகத் தோன்றியிருக்கும்.

அப்புறம் நீங்கள் நீங்கள் இருவரும் அந்தக் காலத்தில் எழுதிய, நோய் கண்டுபிடிக்கும் புரோகிராமின் கதையை எடுத்தீர்கள். டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு விதிகளாக எழுதி, டாக்டருக்கு மேலே இது என்று இரண்டு பேரும் ஆடிய ஆட்டம் மறக்குமா? சாப்பாடு கொண்டுவந்த என்னை உட்கார வைத்துச் சோதித்தீர்கள். களைப்பு உண்டா, வாந்தி உண்டா, கால் வீக்கம் உண்டா? உண்டு, உண்டு, உண்டு. சிறுநீரகக் கோளாறு என்று தீர்ப்புச் சொன்னது. என் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது, புரோகிராமுக்குத் தெரியவில்லை, சரி. உங்கள் இரண்டு பேருக்குமா தெரியாது? “நோயாளி ஆம்பளையா பொம்பளையான்னு முதல்ல கேட்கச் சொல்லுங்க” என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தச் சிறுநீரகக் கோளாறுதான் இப்போது என் மகளாகத் தலையணைப் பக்கத்தில் நின்றாள். நீங்களோ, “அந்தக் கேள்வியைச் சேர்க்கணும்னு நான்தானேடா சொன்னேன்” என்கிறீர்கள். அடி விழும் என்று பார்த்தேன். விழவில்லை. இவர் இடது கையை மெல்லத் தூக்கி என்னைக் காட்டினார். நான் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். அந்த நேரத்தில் வார்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? “கடைசியில நீயும் ஒத்துக்கிட்டதுதானேடா? பேச்சுதான் அறிவு. பேசாததுக்கு ஏதுடா அறிவு?” என்றீர்கள்.

அண்ணா, நான் போனை அணைக்கத்தான் கையை நீட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நீங்கள் எதிரில் இருந்திருந்தால் கதையே வேறு. அப்போதுதான் கேட்டது. “இல்ல.”

குழறல் இல்லை. முனகல் இல்லை. சண்டைக்காரக் குரலில், அந்த மேஜையில் உங்களிடம் சொல்கிற அதே “இல்ல”. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும், “இல்ல.” மகள் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஸ்பீக்கரில் வார்டு முழுக்கக் கேட்டது. சளி பிடித்திருக்கிறது என்று மகளிடம் சொன்னீர்களாம். நம்பிவிட்டோம்.

தப்பெல்லாம் வேண்டுமென்றே சொன்னது என்றும் அவளிடம் ஒப்புக்கொண்டீர்களாம். புரிகிறதா என்று பார்க்கவாம். இத்தனை கால நண்பனுக்குப் பரீட்சை வைத்தீர்கள். அதுவும் நோயில் கிடக்கிறவருக்கு, முன்கூட்டி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்! அந்த ஆம்பளை பொம்பளை விஷயம் மட்டும் பரீட்சையில் இல்லையாம், அது உங்கள் யோசனைதான் என்று இன்றுவரை நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தீர்களாம். இதற்கு நான் என்ன எழுதுவது?

பெரிய டாக்டரை அழைத்துவந்து எதிரிலேயே செய்து காட்டினேன். சரியான சங்கதி சொன்னால் கை சும்மா இருக்கும், தப்பைச் சொன்னால் அடி விழும். அவரும் தன் பங்குக்குச் சிலது கேட்டுப் பார்த்தார். “இதுக்கு மார்க் போட எங்ககிட்ட முறை கிடையாதும்மா. ஆனா இவரைப் பின்னால அனுப்ப எனக்கு மனசு வராது” என்றார். கூட்டத்திலும் அதையே சொல்லி, இப்போதைக்குப் பயிற்சி வார்டிலேயே வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு என்பதை அழுத்திச் சொன்னார். பென்சிலை இன்னமும் தொட மாட்டேன் என்கிறார் உங்கள் நண்பர். தெரியவில்லையா, வீம்பா என்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் எனக்கே தெரியவில்லை.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. தீராமலே இதையும் எழுத வேண்டியிருக்கிறது. இங்கே எல்லோரும் இவரிடம் உரக்க, மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போலப் பேசுகிறோம். நானும்தான். என்ன முனகினாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறோம். வார்டுக்குள் வந்ததிலிருந்து இவரை வம்புக்கு இழுத்த ஒரே ஆள் நீங்கள்தான். அன்று ராத்திரி இவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

பதிப்பகத்து அம்மாளிடம் முதல் அத்தியாயம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டேன். எத்தனை நாள் என்று கேட்டார். சண்டை முடிகிற வரை என்றேன்.

அண்ணியிடம் சொல்லிப் பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள். இனிமேல் போன் வேண்டாம், நேரில் வாருங்கள். இவருக்கு இப்போது அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கைதட்டுகிறோம். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கைதட்டாமல், “ஏண்டா இல்லைங்கறே?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

உங்கள் வழியைப் பார்த்திருக்கும்,
தங்கை