கைராசிக்காரன்

புரட்டாசி 24, வெள்ளி.

பெரம்பலூர் சூப்பர் மார்க்கெட்டில் இன்றும் ஃப்ரீசருக்கு கேஸ் நிரப்பினேன். போன மாதமும் நான்தான் நிரப்பினேன். அவ்வளவும் காற்றோடு போய்விட்டது.

இன்று சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்தேன். செம்புக் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"வாசனையே இல்லியேப்பா. லீக்குன்னா நாறாதா?"

"இது சமையல் கேஸ் இல்லைங்க, வாசனை வராது. ஆனா காத்துல கலந்தா பூமியே சூடாகுங்க. ரெண்டு நாள் ஃப்ரீசர நிறுத்திட்டு, செவுத்த உடைச்சுக் குழாய மாத்தணும்."

"தீவாளி நேரத்துல நிறுத்தச் சொல்றியே! பூமி இருக்கட்டும், மொதல்ல ஐஸ்கிரீம் சூடாகாம பாரு. நீ நிரப்பிட்டுப் போ. ஒங் கைராசிக்கு ஒரு மாசம் ஓடும்."

நான் மாட்டேன் என்றால் அரியலூரிலிருந்து வேறு ஆள் வருவான். அவன் சோப்புத் தண்ணீர்கூடத் தடவமாட்டான். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு சிலிண்டரைத் திறந்தேன். நிரப்பும்போதே அந்த நுரை இன்னும் பெரிதாக ஊதியது. துணியால் துடைத்துவிட்டேன்.

கிளம்பும்போது முதலாளி பிள்ளைக்கென்று ஓர் ஐஸ்கிரீம் டப்பா கொடுத்தார். வேப்பந்தட்டையில் வீடு வந்து சேருவதற்குள் பாதி உருகிவிட்டது. மகள் அதையும் வழித்துத் தின்றாள். தின்றுவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் கடைக்கு மறுபடி எப்பப்பா போவ?"

யோசிக்கவே இல்லை. "அடுத்த மாசம்" என்று வாயில் வந்துவிட்டது.