பதினான்காம் அத்தியாயத்தில் ஒரு பிழை

என் அன்புக் கொக்குக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கேட்கிற மனநிலையில் நான் இல்லை. அவர் இரவு ஷிஃப்டுக்குப் போய்விட்டார், பயல் தூங்குகிறான். விளக்கைக் குறைத்து வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் நாவல் வந்து சேர்ந்தது. அட்டையில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரி நூலகத்தில் அலமாரியில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றபடி படிப்பாளே, அந்தக் கொக்கு பெரிய மீனாகக் கொத்திவிட்டாள் என்று பால்காரரிடம்கூடச் சொன்னேன்.

அத்தைக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. என் மாமியாரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். காலமெல்லாம் பள்ளியில் சரித்திரம் நடத்தியவர். ராஜாக்கள், தளபதிகள், கப்பலோட்டிகள் என்று வாழ்க்கை வரலாறு தவிர வேறெதையும் தொடமாட்டார். அதையும் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். "ஆள் எப்படிச் செத்தான்னு தெரிஞ்சுக்கிட்டா, அப்புறம் பதற்றமில்லாம படிக்கலாம்" என்பார். அடிக்குறிப்பு இல்லாத புத்தகம் அவருக்கு உப்பில்லாத சாப்பாடு. நாவல் என்றாலே, "நடக்காததை நானூறு பக்கம் எழுதற நேரத்துல நாலு துணி துவைக்கலாம்" என்று ஒரு குத்தல்.

அப்படிப்பட்டவர், கண்ணில் கட்டோடு சும்மா இருக்க முடியாமல், "சரி, உன் சிநேகிதி என்னதான் கிழிச்சிருக்கான்னு படி, கேக்கறேன்" என்றார். மதியம் பயல் தூங்கியதும் நான் படிப்பேன், அவர் கட்டிலில் சாய்ந்து கேட்பார். கடைசி அத்தியாயத்திலிருந்து படிக்கச் சொன்னார். நாவலை அப்படிப் படிப்பது பாவம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

சும்மா சொல்லக் கூடாது, பெரிய வேலைதான் செய்திருக்கிறாய். அந்த வீட்டின் மாடிப்படியே கதை சொல்வதும், காலம் முன்னும் பின்னும் போவதும், இரண்டு பக்கத்துக்கு நிற்காமல் ஓடும் வாக்கியங்களும்! எனக்கு மூச்சு வாங்கியது. அத்தை நடுவில், "முற்றுப்புள்ளிக்கு என்ன பஞ்சமா?" என்றார். ஆனால் மறுநாள் அவரே, "அந்த மாடிப்படி என்ன சொல்லுது?" என்று கூப்பிட்டார்.

குழந்தை வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் காது மடலைத் தானே பிடித்துக்கொண்டு தூங்குகிறது. நிலாவைப் பார்த்து "அணைச்சிடு" என்கிறது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூக்கம். பிடரியில் மிளகளவு மச்சம். "அடியே, இது நம்ம பய!" என்று அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பால் மறக்கடித்தபோது பயல் என் முந்தானையைக் கோபத்தில் கிழித்ததை உனக்கு எழுதினேனே, அதுவும் ஆறாம் அத்தியாயத்தில் அப்படியே இருந்தது. எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு பதினான்காம் அத்தியாயம் வந்தது. காய்ச்சல், வலிப்பு, ஆட்டோ. போன வருஷம் எங்களுக்கு நடந்த அதே மாதிரி. எங்கள் பயல் கண் விழித்தான். உன் குழந்தை விழிக்கவில்லை.

அந்த வரிக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். "என்ன, பக்கம் ஒட்டிக்கிச்சா?" என்றார் அத்தை. பக்கத்து அறையில் பயல் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் பேரனை அவர் காதுபட என் வாயாலேயே எப்படிச் சாகடிப்பேன்? புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல் இறங்கியது, குழந்தை தண்ணீர் கேட்டது, விடிந்ததும் வீட்டுக்கு வந்தார்கள் என்று நானே இட்டுக்கட்டிப் படித்தேன். அத்தை நீளமாக மூச்சு விட்டு, "இப்பத்தான் உன் சிநேகிதிக்கு முற்றுப்புள்ளி வைக்கத் தெரிஞ்சிருக்கு" என்றார். எழுந்து போய் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

உனக்கு எப்படியடி மனசு வந்தது? அவன் எந்தப் பக்கம் திரும்பித் தூங்குகிறான், என்ன மழலை பேசுகிறான் என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டாயே. பிள்ளை பெறாதவளின் பாசம் என்று நினைத்தேன். சரக்கு சேர்த்திருக்கிறாய். என் பிள்ளையின் காதையும் மச்சத்தையும் வாங்கி ஒரு பிள்ளை செய்து, அதை ஊரறியக் கொன்றிருக்கிறாய். எழுதினால் பலிக்கும் என்று நம்புகிற அளவுக்கு நான் படிக்காதவள் இல்லை. ஆனாலும் இந்தப் பக்கம் முடிவதற்குள் எத்தனையோ தடவை எழுந்துபோய் அவன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

அடுத்த பதிப்பில் அந்தக் குழந்தையைப் பிழைக்க வை. முடியாது என்றால் இனி எனக்கு எழுத வேண்டாம். கேட்கவும் வேண்டாம்.

 

கொக்கு,

மேலே இருப்பது போன வாரம் எழுதியது. தபாலில் போட மனம் வரவில்லை. இப்போது கிழிக்கவும் மனம் வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். இதை எழுதியவளும் நான்தான், உனக்குத் தெரியட்டும்.

அத்தைக்குக் கட்டுப் பிரித்துக் கண்ணாடி கொடுத்துவிட்டார்கள். முதல் வேலையாக உன் புத்தகத்தைத்தான் தேடினார். நான் ஒளித்து வைத்திருந்தேன். பயல் துணி அலமாரியிலிருந்து கண்டெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. பயலை மடியைவிட்டு இறக்கவும் இல்லை.

இன்று காலை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பென்சிலோடு வந்து நின்றார். நான் இட்டுக்கட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உன் சிநேகிதி கவனமில்லாம எழுதியிருக்கா. ஆறாம் அத்தியாயத்துல குழந்தை பால் மறந்தாச்சு. அப்புறம் வருஷம் ஓடிப்போச்சு. பதினாலுல அந்தப் பொண்ணுக்குப் பால் கட்டிக்கிச்சுன்னு எழுதியிருக்கா. மாரைத் துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக் குளியலறையில ரவிக்கையைப் பிழியறாளாம். பக்கத்து வார்டுல வேற குழந்தை அழுதா, நனைஞ்சு போகுதாம். எங்கேருந்து வரும்? இதுக்கு என்ன ஆதாரம்?" என்றார்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் அந்தப் பக்கங்களைப் படிக்கவே இல்லையே. புத்தகத்தை வாங்கிப் படித்தேன். ஈரக் கை பட்டுப் பக்கம் நனைந்துவிட்டது.

பால் மறக்கடித்ததை நான் உனக்கு எழுதியிருக்கிறேன். காய்ச்சலை எழுதியிருக்கிறேன். இதை எழுதவில்லை. எனக்கு இது நடக்கவே இல்லை. வேறொருத்தி குழந்தை அழும்போது நம் உடம்பு நம்மைக் கேட்காமல் பதில் சொல்லும் என்பது, பெறாத ஒருத்திக்கு யார் சொல்லித் தெரியும்?

பயல் பிறந்த வருஷம் உன்னிடமிருந்து கடிதமே வரவில்லை. நான் போட்டதற்கும் பதில் இல்லை. பெரிய ஆளாகிவிட்டாய் என்று எல்லோரிடமும் குறை சொன்னேன். பிறகு ஒருநாள் வந்தது. வேலை அதிகம், வீடு மாறிவிட்டோம் என்று இரண்டே வரி. அதற்குக் கீழே, "உன் பிள்ளை இப்போது என்ன செய்கிறான், ஒன்று விடாமல் எழுது" என்று இருந்தது. நானும் பக்கம் பக்கமாக எழுதினேனே. பல் முளைத்ததை, நடந்ததை, என்னைக் கட்டிக்கொண்டதை.

அந்த வருஷத்தைப் பற்றி அத்தையிடம் சொன்னேன். அவர் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மேசையில் உட்கார்ந்து, ஓரத்தில் தான் போட்டிருந்த கேள்விக்குறியை ரப்பரால் தேய்த்து அழித்தார். காகிதம் மெலிந்துபோகும்வரை அழித்தார். "இது பிழை இல்லை" என்று மட்டும் சொன்னார்.

கொக்கு, அந்த வருஷம் உனக்கும் ஒன்று பிறந்தது என்று நாங்கள் நினைப்பது தப்பாக இருக்கலாம். மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஒரு நாவலுக்கு இல்லாத அடிக்குறிப்பைத் தேடியிருக்கிறோம் என்றால் வாய்விட்டுச் சிரி, நானும் சேர்ந்து சிரிக்கிறேன். தப்பு இல்லை என்றால், அந்தக் குழந்தையைப் பிழைக்க வை என்று நான் கேட்டதை மன்னித்துவிடு. உன்னால் முடிந்திருந்தால் செய்திருப்பாய்.

நீ நலமா என்று கேட்கமாட்டேன் என்று ஆரம்பத்திலேயே எழுதினேன். இத்தனை வருஷம் கேட்டதும் வாய்ப்பேச்சுக்குத்தான். இப்போது கேட்கிறேன். புறப்பட்டு வா. அத்தை தன் கட்டிலை உனக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார். வர முடியாவிட்டால் எழுது, முற்றுப்புள்ளியே இல்லாமல் எழுது. ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாதேடி. உன்னுடையது எந்தப் பக்கம் திரும்பித் தூங்கும்?

காத்திருக்கும்,
உன் உருண்டை